பன்னிரண்டாவது சீட்டு

செவ்வாய்க்கிழமை மதியம், குனிந்து சாப்பிடும்போது சூப்பில் விழுந்துவிடக் கூடாதே என்று சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அது குப்புற விழுந்தது. முதல் நாள் நான் பார்த்த பக்கத்தில் பேனாவால் எழுதிய ஒரு பெயர் மட்டும் இருந்தது. மறுபக்கத்தில், மேல் ஓரம் வெட்டுப்பட்டு, பழைய தட்டச்சு எழுத்தில் "அனனியாஸ் பார்தோ கிரோகா" என்று எங்கள் கொப்பரைக்காரரின் முழுப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய அடையாள அட்டை எண். அதற்கும் கீழே "பணியில் சேருமுன் செய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனை" என்ற வரியின் மேல்பாதி. சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

எங்கள் ஆலையில் முதலாளியையும், அலுவலக வேலை பார்க்கிற என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். கொய்யாப்பழத்தைக் கூழாக்கி, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, கட்டியாக வெட்டி, வாழை இலை போன்ற பிகாவ் இலையில் சுற்றி விற்கிறோம். வேலெஸ் ஊரில் கல்லை எறிந்தால் இப்படி ஓர் ஆலையின் கூரையில்தான் விழும். செப்டம்பர் வந்தால் அன்பு நட்பு நாளுக்காக எல்லா ஆலைகளிலும் இரகசியத் தோழர் ஆட்டம் நடக்கும். திங்கட்கிழமை ஒரு தொப்பிக்குள் எல்லோர் பெயரையும் போட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். வரும் பெயர் யாருடையதோ அவர்களுக்கு வாரம் முழுக்க, யாரும் பார்க்காத நேரத்தில், தினம் ஓர் இனிப்பு வைக்க வேண்டும். சனிக்கிழமை பரிசைக் கொடுத்து, நான்தான் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதுவரை சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. நாள் முழுக்கக் கொய்யாவும் சர்க்கரையுமாகவே புழங்குகிறவர்களுக்கு இன்னும் இனிப்பு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு அது தோன்றுவதே இல்லை.

அந்தச் சீட்டுகளை வெட்டியது முதலாளி மிசாயேல் அரிசா. நல்ல மனிதர்தான், ஆனால் காகிதம் வீணாவதைப் பார்த்தால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும். போன வருடத்து நாட்காட்டியின் முதுகில்தான் சரக்குக் கணக்கு எழுதுவார். மருந்துக் கடைப் பையைப் பிரித்து அதில் கடிதம் எழுதியவர். அவரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. பாதிக் குற்றம் என்னுடையது, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தலைநகர் பொகோத்தாவிலிருந்து ஒரு பெரிய கடையினர் எங்கள் சரக்கை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர்கள் கேட்ட நிபந்தனைகளில் ஒன்று, வேலை செய்கிறவர்களின் சொந்த விவரங்களைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும் என்பது. முதலாளி என்னை வணிகர் சங்கத்தில் நடந்த ஒன்றரை நாள் வகுப்புக்கு அனுப்பினார். கற்றுக்கொடுத்த அம்மாள் மழையில் நனைந்த குடையை மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினாள். எது தேவையோ அதை மட்டும் வாங்குங்கள், தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள், பூட்டி வையுங்கள், கை தவறி வெளியே போய்விட்டால் யாருடைய விவரமோ அவரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள், பிறகு அரசாங்க அலுவலகத்துக்கும் எழுதுங்கள் என்றாள். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு திரும்பி வந்து, பூட்டே இல்லாத எங்கள் தகர அலமாரியைத் திறந்தேன். முதலாளியின் அப்பா காலத்துக் குப்பையெல்லாம் உள்ளே இருந்தது. செத்துப்போனவர்களின் ஞானஸ்நானச் சான்றிதழ், யாரோ ஒருத்தியின் பல் எக்ஸ்ரே, ஒருவர் மனைவிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம். நாங்கள் வைத்திருக்கக் கூடாத காகிதங்கள் மட்டும் முப்பத்தொன்று தேறின. அடுப்பில் போட்டு எரிக்க வேண்டும், எரிக்குமுன் பட்டியல் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முறைப்படி செய்கிறேன் பேர்வழி என்று அந்தக் கட்டைப் பட்டியலோடு அவர் மேஜையில் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சூப்பை விட்டு எழுந்தவள் ஓடிப்போய் அந்தக் கட்டை எண்ணிப் பார்த்தேன். முப்பதுதான் இருந்தது.

"டோன் மிசாயேல், சீட்டு எந்தக் காகிதத்துல வெட்டினீங்க?"

"ஏன், நல்லா இல்லையா? கெட்டிக் காகிதம். இந்தக் கட்டுல மேலாப்புல இருந்துது. ஒரு பக்கம் பளிச்சுனு வெள்ளை."

"உங்க கையெழுத்துக்கு வச்ச கட்டு அது."

"எரிக்கப்போறதுன்னு நீதானே சொன்னே. எரிக்கற காகிதத்த வெட்டினதுல என்ன கொறஞ்சு போச்சு?"

நான் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"அனனியாஸோட டாக்டர் காகிதமா இது? என்ன அவனுக்கு? நெஞ்சா? சர்க்கரையா? அடக் கடவுளே, புதுச் சரக்குப் பெட்டிமேல அவன் மூஞ்சியப் போடப்போறோம், சொரைதா."

"என்னன்னு நான் சொல்லக் கூடாது."

"நான் முதலாளி!"

"காகிதம் உங்களுது. அதுல இருக்கறது அவருது."

பதினோரு வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் நான் படித்துவிட்ட வரியை வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியல் எழுதும்போது தலைப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். கண் சும்மா இருக்கவில்லை, தாளின் நடுவிலிருந்த ஒரு வரிக்குப் போய்விட்டது. அனனியாஸுக்குப் பிறவியிலேயே நிறக்குருடு. சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிரிந்து தெரியாது.

வேறு யாருக்கானாலும் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எங்கள் ஆலையில் கொப்பரையை எப்போது இறக்குவது என்று சொல்கிறவர் அனனியாஸ். இருபத்திரண்டு வருடமாக அவர் கையை உயர்த்திய பிறகுதான் இறக்குவோம். பாகின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்கிற கண் என்று மாவட்டம் முழுக்கப் பேர். பக்கத்து ஆலைக்காரர்கள் சந்தையில் அவருக்கு வழிவிட்டு நிற்பார்கள். பொகோத்தாக்காரர்கள் புதுப் பெட்டியில் ஒரு தொழிலாளியின் படம் வேண்டும் என்றதும் முதலாளி யோசிக்கவே இல்லை. அனனியாஸ் முகத்தைப் போட்டு, கீழே "நிறம் தவறாத கண்" என்று எழுதி மாதிரியும் வந்துவிட்டது. படத்தைப் போட அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அந்தப் படிவம் மூன்று வாரமாக என் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கையில் பாகு ஒட்டியிருக்கிறது என்பார். அந்த வரியைப் படித்த பிறகுதான் அவர் ஏன் தள்ளிப்போட்டார் என்று எனக்குப் புரிந்தது. தன் சிவப்பு மோட்டார் சைக்கிளை அவர் காப்பி நிற வண்டி என்று சொல்வதையும் இத்தனை நாள் வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அவர் காகிதத்தின் பன்னிரண்டு துண்டுகள் இப்போது பன்னிரண்டு பேர் பையில். ஏதோ ஒன்றில் அந்த வரி இருக்கிறது. சந்தையில் ஒரு வார்த்தை கசிந்தால் போதும், அவரைக் கண்ட இடத்திலெல்லாம் இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று விரலை நீட்டிக் கேட்டே கொன்றுவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கேலியில் இரக்கம் பார்க்கிறவர்கள் இல்லை.

"அவர்கிட்ட சொல்லணும். அரசாங்க ஆபீசுக்கும் எழுதணும்" என்றேன்.

"சொல்லி? அவன் கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா கொப்பரைய யாரு எறக்குவா, நீயா? சீட்டோட பின்பக்கத்த எவன் பாக்கப்போறான்? கொஞ்சம் பொறு. நான் வழி பண்றேன்."

அவர் பண்ணிய வழி புதன்கிழமை காலை தெரிந்தது. பழம் வெட்டும் மேஜையருகே எல்லோரையும் நிறுத்தி, ஒரே பெயர் இரண்டு சீட்டில் விழுந்துவிட்டது, எல்லோரும் திருப்பிக் கொடுங்கள், புதுக் காகிதத்தில் மறுபடி எடுக்கலாம் என்றார். புதுக் காகிதம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே தப்பாகப் போயிற்று. கைகள் எல்லாம் நின்றன. கட்டி மடிக்கும் பகுதியின் தலைவி பெத்சபே இலைக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"புதுக் காகிதமா? உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, முதலாளி?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"என் ஆளுக்கு நான் சனிக்கிழமை வரைக்கும் மிட்டாய் வாங்கியாச்சு. இனிமே கடவுளே எறங்கி வந்தாலும் சீட்டு கெடையாது. ஏன், உங்களுக்கு வந்த பேரு புடிக்கலையா?"

பெத்சபேக்கு ஐம்பத்தைந்து வயது. நாக்கு மட்டும் இலைக் கத்தியைவிடக் கூர்மை. அவளோடு வாதாடி ஜெயித்த ஆளை நான் பார்த்ததில்லை. முதலாளி காதுவரை சிவந்துபோய் உள்ளே திரும்பினார். அவர் தலை மறைந்ததும் நான் அஞ்சியதே நடந்தது. இந்தச் சீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று நாலைந்து பேர் பையில் கைவிட்டு எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவன் எழுபத்தொன்று கிலோ என்று சத்தமாகப் படித்தான். இன்னொருத்தி தன்னுடையதில் பாதி முத்திரைதான் இருக்கிறது என்றாள். கொப்பரையருகே அனனியாஸ் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. பெத்சபே மட்டும் தன் சீட்டை எடுக்கவே இல்லை. "வேலையப் பாருங்கடி, பாகு ஆறுது" என்று அதட்டியதும் கூட்டம் கலைந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஆட்டமும் நடந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு வந்த பெயர் முதலாளியுடையது. தினமும் அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு காப்பி மிட்டாயை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தின்றுவிட்டு, சுற்றியிருந்த தாளை நீவி இழுப்பறையில் சேர்த்து வைத்தார். எனக்கு இனிப்பு வைக்கிறது யார் என்று தெரியவில்லை. ஆனால் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அந்த ஆள் மேஜைமேல் வைக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை பால்கோவா மிட்டாய் ஒன்று தகர அலமாரியின் கைப்பிடியில் நூலால் கட்டித் தொங்கியது. புதன்கிழமை அலமாரிக்கு உள்ளே, முதல் தட்டில். வியாழக்கிழமை இன்னும் உள்ளே, கோப்புகளுக்கு நடுவில் செருகி. விளையாடுவதற்கு இடமா இல்லை என்று வாய்விட்டே திட்டினேன்.

வியாழக்கிழமை அதற்குமேல் என்னால் முடியவில்லை. முதலாளி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துக் கொப்பரைக் கூடத்துக்குப் போனேன். கொப்பரை பொங்கிக்கொண்டிருந்தது. அனனியாஸ் துடுப்பில் சாய்ந்தபடி நின்றார். சிறிய உடம்பு, பெரிய கை, இரண்டு முழங்கையிலும் பாகு தெறித்த பழைய வடு.

"டோன் அனனியாஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பப் பேசாதே. கேளு."

அவர் கண் மூடியிருந்தது. முதலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, அடுப்பு இரைச்சல்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில் பாகின் ஒலி பிடிபட்டது. பளப் பளப் என்று சின்னச் சின்னதாகக் கொப்புளம் வெடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இடைவெளி கூடியது. பிறகு தொண்டைக்குள் எதையோ விழுங்குவதுபோலக் கனமாக ஓர் ஒலி, அடுத்தது அதைவிடத் தாமதமாக. அவர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார். ஆட்கள் ஓடிவந்து கொப்பரையைச் சாய்த்தார்கள். தட்டுகளில் பாகு ஓடிப் பரவியது. பதினோரு வருடமாக இந்தக் கூடத்துக்கு வந்துபோகிறேன், ஒரு நாளும் நின்று கேட்டதில்லை.

"இப்பச் சொல்லு."

சொன்னேன். கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது நான் என்பதையும், ஒரு வரியைப் படித்துவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன், அதெல்லாம் மறந்துபோயிற்று. அவர் சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்தார். பெயர் எழுதிய பக்கத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு மறுபக்கத்தைக் காட்டினார். ஆட்டம் ஆட்டம்தானே. மறுபக்கத்தில் நீல மையில், கோணல்மாணலாக, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அவர் கையெழுத்து இருந்தது.

"திங்கக்கெழமையே தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் எதுவும் கேக்கல?"

"யாரு வந்து சொல்றாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். உனக்குத் தெரிஞ்சப்புறம் ரெண்டு நாள் ஆகியிருக்கு."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் துடுப்பின் முனையில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பெரிய முதலாளி, இவரோட அப்பா, டாக்டர்கிட்டயிருந்து காகிதத்தக் கேட்டு வாங்கிட்டாரு. வேலைக்கு லாயக்குன்னு ஒரு துண்டுச் சீட்டு இருந்தாப் போதும். அவரு முழுசாக் கேட்டாரு. அப்புறம் எங்கிட்ட, கவலப்படாத, என் அலமாரிக்குள்ளதானே இருக்குன்னாரு. அவ்வளவுதான். மெரட்டல்னு சொல்ல முடியாது. நல்ல மனுசன். ஆனா நான் ஏதாவது கொஞ்சம் ஒசத்திப் பேசினா அந்த அலமாரியப் பாத்து லேசாத் தட்டுவாரு. பக்கத்து ஊரு பார்போசாவுல இருந்து ஒரு ஆலைக்காரன் வந்து கூப்பிட்டான், கொப்பரை மொத்தமும் உன் பொறுப்புன்னான். நான் போகல. அவரு செத்து ஒம்பது வருசமாச்சு. இன்னிக்கும் அந்த அலமாரியத் தாண்டி நடக்கும்போது என் நடை மாறிடும்."

நான் அந்த அலமாரியை என் குடையை மாட்டப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் அந்த அம்மாள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தேனே தவிர, ஒரு காகிதம் சும்மா உள்ளே கிடந்தே ஒரு மனிதனை இருபத்திரண்டு வருடம் பிடித்து வைத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பெட்டிக்கு எங்கிட்ட கையெழுத்துக் கேக்கறீங்க. எப்படிப் போடுவேன்? பழத்த வெட்டி வச்சா வெள்ளக் கொய்யாவும் லேசாச் செவந்த கொய்யாவும் எனக்கு ஒண்ணுதான். தனித்தனியாக் காய்ச்சப் பிரிக்கும்போது மோந்துதான் பாப்பேன். நல்லவேளை, வெள்ளக் கொய்யாக் கூடை எப்பவும் சன்னலோரமாத்தான் இருக்கும். அதுனால தப்பு வந்ததில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சனிக்கெழமை வரைக்கும் ஒண்ணும் செய்யாத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய், அவரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "கெளம்பறானா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அரசாங்க அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மீதி முப்பது காகிதத்தையும் அவரே தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டார். ஒவ்வொன்றாகப் போட்டார், ஒவ்வொன்றின் வெள்ளைப் பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு.

சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்தது. மடிக்கும் மேஜையைக் கழுவித் துடைத்து, கோழியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சாப்பிட்டோம். பிறகு பரிசு கொடுக்கும் நேரம். வழக்கமாக முதலாளிதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அனனியாஸ் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை, மற்றவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பரிசக் கொடுக்கறதுக்கு முன்னால எல்லாரும் சீட்ட எங்கிட்ட கொடுத்துடுங்க. அது என்னோட காகிதம்" என்றார்.

ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். புதன்கிழமை கிலோ படித்தவன் தலையைச் சொறிந்துகொண்டே வைத்தான். அனனியாஸ் பின்பக்கம் தெரியும்படி அவற்றைத் திருப்பி, விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கினார். பெயர், உயரம், எடை, இரத்த அழுத்தம், முத்திரையின் இரண்டு பாதி, கீழே கையெழுத்து. மேஜைமேல் அவர் காகிதம் மறுபடி ஒன்றானது. நட்டநடுவில் மட்டும் ஒரு கட்டம் காலி. அந்த வரி இருந்த கட்டம்.

"யாரு இன்னும் தரல?" என்றார் முதலாளி.

"நான்தான்" என்றாள் பெத்சபே. கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட இல்ல."

"எங்க அது?"

"தின்னுட்டேன்."

"என்னது?"

"திங்கக்கெழமையே தின்னுட்டேன். சீட்ட யாருக்கும் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க வச்சாலும் எவளாவது எடுத்துப் பாத்துடுவா. வெல்லத்தண்ணியோட ஒரே முழுங்கு. உங்க காகிதம் தொண்டையில மாட்டிக்கிச்சு முதலாளி, அடுத்த வருசம் கொஞ்சம் மெல்லிசா வாங்குங்க."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு மேஜையே அதிர்ந்தது. முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அனனியாஸ் சிரிக்கவில்லை. நின்றபடியே பெத்சபேயைப் பார்த்தார். அவள் மறுபடி கோழிக்காலை எடுத்துக் கடிக்க ஆரம்பித்திருந்தாள், நிமிரவில்லை. அவர் பதினோரு துண்டுகளையும் உள்ளங்கையில் கூட்டி அள்ளிக்கொண்டு அடுப்புக்கு நடந்தார். அலமாரி அந்த வழியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டும்போது நான் அவர் கால்களையே பார்த்தேன், நடை மாறவில்லை.

அவர் திரும்பி வந்த பிறகு பரிசு கொடுத்தோம். நான் முதலாளிக்கு ஒரு முழுக் கட்டு வெள்ளைக் காகிதம் கொடுத்தேன். பிரிக்காமலே மார்போடு அணைத்துக்கொண்டார், இந்த ஜென்மத்தில் அதைப் பிரிக்க மாட்டார். பெத்சபே என் முன்னால் ஒரு பொட்டலத்தைத் தள்ளினாள்.

"சீட்டத் தின்னாலும் பேரு மறக்கலடி மகளே."

பிகாவ் இலையில், கொய்யாக் கட்டி சுற்றுவதுபோலவே நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு பித்தளைப் பூட்டு, இரண்டு சாவி. கைப்பிடியில் தொங்கிய மிட்டாயும் கோப்புக்கு நடுவில் இருந்த மிட்டாயும் அப்போதுதான் எனக்கு விளங்கின. யார் வேண்டுமானாலும் இந்த அலமாரிக்குள் எவ்வளவு தூரம் கையை விடலாம் என்று வாரம் முழுக்க எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "கோழி எண்ணெ, கோழி எண்ணெ, சட்டையில ஒட்டும்" என்று தள்ளிவிட்டாள்.

பூட்டைப் போடுவதற்கு முன்னால் ஆளாளுக்கு அவரவர் கோப்பை எடுத்துக் காட்டினேன். என்ன வைத்திருக்கிறோம், எதற்கு வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அலமாரி முன்னால் வரிசை நின்றது. தன் கல்யாணச் சான்றிதழ் இங்கே எதற்கு என்று ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள். தன் பழைய புகைப்படத்தைப் பார்த்த பெத்சபே, இவளைத் தெரியுமா உங்களுக்கு, என்ன இடுப்பு பாருங்கள் என்று எல்லோரிடமும் காட்டினாள். ஆலையில் இத்தனை சந்தோஷமான கூச்சலை நான் கேட்டு வெகுநாளாயிற்று. கடைசியாக வந்த அனனியாஸ் தன் கோப்பைத் திறந்து பார்த்தார். இரண்டே தாள்கள், ஒப்பந்தமும் சேமநலப் பதிவும். அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டிப் படத்துக்கான சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கினார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கறேன்."

"இங்கயே போட்டுடலாமே அனனியாஸ்? வேணும்னா அந்தக் கண்ணு வாசகத்த மாத்திடலாம்" என்றார் முதலாளி. கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"படிச்சுட்டுச் சொல்றேன். பார்போசாவுக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு அனனியாஸ் தன் காப்பி நிற வண்டியை உதைத்துக் கிளப்பினார். அது ஆலை வாசலைத் தாண்டியது. முதலாளி காகிதக் கட்டோடு அப்படியே நின்றிருந்தார். தடுக்க அவரிடம் இப்போது ஒன்றும் இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டேன். மலைப் பனி கூரையோடு கிடந்தது. எனக்கு முன்னால் பெத்சபே வந்திருந்தாள். இறக்கி வைத்த கூடைகளுக்கு நடுவே குனிந்து, ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு பழத்தை எடுத்துக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கொய்யாவாக இருந்தால் அந்தக் கூடையை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துச் சன்னலோரமாகக் கொண்டுபோய் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பாக்கற? வெள்ளப் பழத்துக்கு வெளிச்சம் வேணும்."

"எத்தன வருசமா டோன்யா பெத்சபே?"

"வேலை இல்லையா உனக்கு?" என்றாள். அடுத்த கூடையில் கை வைத்தவள் அதை இழுக்கவில்லை. வாசல் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். நானும் நின்றேன். பனிக்குள் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறுகிற சத்தம். பார்போசாவுக்குப் பிரிகிற வளைவில் அது தாழ்ந்து, அங்கேயே சற்று நின்று இரைந்தது. பெத்சபே கூடையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கொப்பரையின் முன்னால் அனனியாஸ் நிற்பதுபோலவே, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.